சீனத்திலிருந்து ஜெயங்கொண்டத்துக்கு, ஆங்கிலம் வழியாக

பெரம்பலூர் மாவட்டம் எறையூர் சிப்காட்டில் 2023 நவம்பரில் ஒரு காலணித் தொழிற்சாலை திறக்கப்பட்டது. கிராக்ஸ் காலணிகளைச் செய்வதற்காகத் தைவான் கூட்டோடு கோத்தாரி குழுமம் அமைத்த ஆலை அது. ஓராண்டு கழித்து, 2024 நவம்பர் 15 அன்று, பக்கத்து அரியலூர் மாவட்டத்து ஜெயங்கொண்டத்தில் தைவானின் டீன் ஷூஸ் நிறுவனத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். 1,000 கோடி ரூபாய் முதலீடு, 15,000 பேருக்கு வேலை என்று அறிவிப்பு வந்தது. சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் பருத்தியும் முந்திரியும் விளைகிற, சிமென்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் வெட்டித் தருகிற இந்த மண்ணுக்கு இப்போது சீன மொழியும் வந்து சேர்ந்திருக்கிறது.

தோல் அல்லாத காலணித் தொழிலின் கைப்பழக்கமும் எழுத்தறிவும் பல பத்தாண்டுகளாகத் தைவான், சீன நிறுவனங்களிடம்தான் குவிந்திருக்கின்றன. உலகப் பெயர்பெற்ற விளையாட்டுக் காலணிகளை அந்தந்த பிராண்டுக்காரர்கள் பெரும்பாலும் தாங்களே செய்வதில்லை. தைவான் நிறுவனங்கள் செய்து தருகின்றன. செய்யாறில் ஏற்கெனவே இயங்கும் ஃபெங் டே குழுமமும் அப்படிப்பட்டதுதான். ஆகவே இந்தத் தொழிலில் இயந்திரக் கையேடு, பசையின் விவரக்குறிப்பு, தரப் பரிசோதனைப் படிவம் என்று பலவும் முதலில் சீனத்தில் பிறக்கின்றன. அங்கிருந்து ஆங்கிலத்துக்கு வருகின்றன. இன்று அந்த முதல் கட்டத்தைக் கணினியிடம் விடுவது உலகெங்கும் வழக்கமாகிவிட்டது. பிறகு ஆங்கிலத்திலிருந்து தமிழ். அதையும் கைபேசியே செய்துவிடுகிறது. இந்த இரண்டு தாவல்களில் என்னென்ன நடக்கின்றன என்று பார்ப்பது, பெரம்பலூரிலும் அரியலூரிலும் வேலைக்குப் போகவிருக்கும் பிள்ளைகளுக்காவது அவசியம்.

காலணி செய்வதற்கு முதலில் பாதத்தின் வடிவில் ஓர் அச்சுக்கட்டை வேண்டும். அதன்மேல் துணியை இழுத்து ஒட்டித்தான் காலணிக்கு உருவம் கொடுக்கிறார்கள். சீனத்தில் அதற்கு ‘ஷுவான்’ என்று பெயர். வேறு குழப்பமே இல்லாத சொல். ஆங்கிலத்தில் அது ‘லாஸ்ட்’. அந்தச் சொல் ஒரு விவர அட்டவணையின் கட்டத்துக்குள் தனியாக நின்றால், தமிழாக்கும் கணினிக்கு அது ‘கடைசி’. காலணியின் அடிப்பாகம் சீனத்தில் ‘சியே-தி’, சொல்லுக்குச் சொல் ‘காலணி அடி’. ஆங்கிலத்தில் ‘சோல்’; தமிழுக்கு வரும்போது ‘ஒரே’ ஆகிவிடலாம். நுரைப்பொருளை ஊற்றி வார்க்கும் அச்சு சீனத்தில் ‘மூ-ஜு’. ஆங்கிலத்தில் ‘மோல்டு’. ரொட்டியில் படர்வதற்கும் அங்கே அதே பெயர் என்பதால் தமிழில் ‘பூஞ்சை’ வந்து நிற்கும். “பூஞ்சை வெப்பநிலை 170 டிகிரி” என்று ஒரு தாளில் இருந்தால் படிப்பவர் சிரித்துவிட்டு, என்னவென்று கேட்டுத் தெரிந்துகொள்வார். “கடைசி எண் 38” என்று இருந்தால்? சிரிப்பு வராது. ஏதோ வரிசையின் கடைசி எண் போலிருக்கிறது என்று நினைத்து நகர்ந்துவிடுவார்.

மூன்று சொல்லிலும் மூலத்தில் ஐயமில்லை, தமிழிலும் ஐயமிருக்கத் தேவையில்லை. நடுவில் இருக்கும் மொழியில்தான் சொல் இரண்டாகப் பிளக்கிறது. இந்த நடுமொழி முறை மொழிபெயர்ப்புக் கணினியியலில் பரவலாகக் கையாளப்படுவது. சீனமும் ஆங்கிலமும் எதிரெதிரே வைக்கப்பட்ட வாக்கியங்கள் கோடிக்கணக்கில் கிடைக்கின்றன. ஆங்கிலமும் தமிழும் அதைவிடக் குறைவு, ஆனாலும் ஓரளவு உண்டு. சீனமும் தமிழும் நேருக்கு நேர் இருக்கும் பனுவல்களோ மிகச் சொற்பம். கற்றுக்கொள்ளப் பாடம் இல்லாத இடத்தில் கணினி ஆங்கிலத்தின் தோளில் ஏறித்தான் ஆற்றைக் கடக்கிறது.

அது கற்கும் விதத்தையும் கொஞ்சம் பார்க்கலாம். இன்றைய நரம்பு வலையமைப்பு முறை, வாக்கியத்தைச் சிறு துண்டுகளாக வெட்டுகிறது. ஒவ்வொரு துண்டையும் நூற்றுக்கணக்கான எண்களின் வரிசையாக மாற்றுகிறது. பிறகு ஒவ்வொரு துண்டும் மற்ற எல்லாத் துண்டுகளையும் கவனித்து, யாருக்கு யார் எவ்வளவு முக்கியம் என்று எடைபோட்டுத் தன் எண்களைத் திருத்திக்கொள்கிறது. ‘கவனம்’ என்றே இதற்குப் பெயர்; 2017இல் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்ட ‘டிரான்ஸ்ஃபார்மர்’ அமைப்பின் உயிர் இதுதான். அந்தக் கட்டுரையின் முதல் பெயர் இந்தியரான ஆஷிஷ் வாஸ்வானியுடையது. பக்கத்தில் ‘வெப்பம்’, ‘அழுத்தம்’, ‘திற’ என்ற சொற்கள் இருந்தால் ‘மோல்டு’ என்பது அச்சுதான் என்று கவனம் கண்டுபிடித்துவிடும். முழு வாக்கியத்தில் இன்றைய கணினி இந்தப் பிழையை அரிதாகவே செய்கிறது. அட்டவணையில், பொத்தானின்மேல், பெட்டியின் முகப்பில் சொல் தனியே நிற்கும்போது கவனிக்க அக்கம்பக்கம் யாரும் இல்லை. தொழிற்சாலையிலோ பாதி எழுத்து அட்டவணைதான்.

சீனம் கணினிக்கு நெடுங்காலமாகக் கைக்கு அடங்காத மொழி. எழுத்துகளுக்கு நடுவே இடைவெளி விடுவதில்லை, சொல் எங்கே முடிகிறது என்பதை வாசிப்பவரே முடிவுசெய்ய வேண்டும். நான்ஜிங் நகரில் யாங்சி ஆற்றின் குறுக்கே 1968இல் திறக்கப்பட்ட பெரும்பாலம் ஒன்று உண்டு. ‘நகரம்’ என்பதையும் சேர்த்து அதன் பெயரை எழுத ஏழு எழுத்துகள். மூன்றாம் எழுத்தோடு வெட்டினால் ‘நான்ஜிங் நகரத்து யாங்சிப் பெரும்பாலம்’. நான்காம் எழுத்தோடு வெட்டினால் ‘நான்ஜிங் மேயர் ஜியாங் தாச்சியாவ்’ என்று இல்லாத ஒரு மனிதர் பிறந்துவிடுவார். சீனக் கணினியியல் மாணவர்கள் எல்லோரும் அறிந்த எடுத்துக்காட்டு இது. வினைக்குக் காலம் காட்டும் விகுதி இல்லை. பெயருக்கு ஒருமை பன்மை பெரும்பாலும் இல்லை. எழுவாயைச் சொல்லாமலே விட்டுவிடுவது சாதாரணம்.

ஆனாலும் முயன்றார்கள். ஹாங்காங்கின் சீனப் பல்கலைக்கழகத்தில் 1960களின் இறுதியில் லோ ஷியு-சாங் தொடங்கிய ‘கல்ட்’ என்ற திட்டம், 1975 முதல் சீனக் கணித ஆய்விதழ் ஒன்றை ஆங்கிலத்தில் தந்தது. அங்கே மனிதக் கை முதலில் வேலை செய்தது: ஐயம் தரும் வாக்கியங்களைக் கணினி விழுங்குவதற்கு ஏற்ப முன்கூட்டியே உடைத்துக் குறியிட்டுக் கொடுத்தார்கள். முன்திருத்தம் என்று அதைச் சொல்லலாம். பிற்காலத்தில் கணினி வளர வளர அந்தக் கை வாசலின் மறுபக்கத்துக்கு நகர்ந்தது. கணினி கொடுத்த வரைவை எடுத்துத் திருத்துவது பின்திருத்தம். 2016 செப்டம்பர் 27 அன்று கூகுள் தன் நரம்பு வலையமைப்பு மொழிபெயர்ப்பை உலகுக்குத் திறந்துவிட்டபோது முதலில் தேர்ந்தது சீனத்திலிருந்து ஆங்கிலம்தான். அன்றே நாளொன்றுக்கு 1.8 கோடி மொழிபெயர்ப்புகள் அந்த ஒரு திசையில் மட்டும் நடந்துகொண்டிருந்தன.

2018 மார்ச்சில் மைக்ரோசாஃப்ட் இன்னும் ஒரு படி மேலே போனது. சீனச் செய்தி வாக்கியங்கள் சுமார் 2,000ஐ ஆங்கிலமாக்கியதில் தன் கணினி மனிதருக்கு நிகராகிவிட்டது என்று அறிவித்தது. அதே ஆண்டில் ஜூரிச், எடின்பரோ ஆய்வாளர்கள் தேர்ந்த மொழிபெயர்ப்பாளர்களை உட்கார வைத்துச் சோதித்தார்கள். தனித்தனி வாக்கியமாகக் காட்டியபோது கணினியும் மனிதரும் ஏறக்குறைய சமம். முழுக் கட்டுரையாகக் காட்டியபோது மனிதருடையதையே தேர்ந்தார்கள். ஒரு நிறுவனத்தின் பெயர் மேலே ஒரு மாதிரியும் கீழே வேறு மாதிரியும் வருவது தனி வாக்கியத்தில் கண்ணுக்குப் படாது. வேறொரு குழு இன்னொன்றையும் எடுத்துக்காட்டியது: அந்தச் சோதனை வாக்கியங்களில் பாதி முதலில் ஆங்கிலத்தில் எழுதப்பட்டுச் சீனத்துக்கு மாற்றப்பட்டவை. ஆங்கில வாடை அடிக்கும் சீனத்தை ஆங்கிலமாக்குவது சுலபம்தானே. மைக்ரோசாஃப்டின் வேலை உண்மையான சாதனை, அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ‘நிகர்’ என்ற சொல்லை அவ்வளவு சீக்கிரம் உச்சரித்திருக்கக் கூடாது. அந்தச் சொல்லைக் கேட்டுத்தான் பல அலுவலகங்கள் திருத்துபவருக்குத் தரும் நேரத்தையும் கூலியையும் குறைக்கத் துணிகின்றன.

திருத்துபவரின் வேலையை அருகில் போய்ப் பார்ப்போம். திரையின் இடப்பக்கம் சீனம், வலப்பக்கம் கணினி தந்த ஆங்கிலம். பராமரிப்புக் குறிப்பேட்டில் ஒரு வரி வருகிறது என்று வைத்துக்கொள்வோம்: ‘ட்ஸுவோதியன் சியு-ல, ஜின்தியன் யோ ஹுவாய்-ல.’ நேற்று, ரிப்பேர், ஆயிற்று; இன்று, மறுபடி, கெட்டு, ஆயிற்று. யார் ரிப்பேர் பார்த்தது, எது கெட்டது என்று வரியில் இல்லை. நம் ஊர் மெக்கானிக் எழுதினாலும் “நேத்து ரிப்பேர் பார்த்தது, இன்னிக்கு மறுபடி போயிடுச்சு” என்றுதான் எழுதுவார்; அவரும் ஆளைச் சொல்ல மாட்டார். ஆங்கிலம் அப்படி விடாது. எழுவாய் இல்லாமல் அங்கே வாக்கியம் நிற்காது. ஆகவே கணினி ஓர் ஆளைக் கொண்டுவந்து நிறுத்தும்: ‘அவன் நேற்று அதைச் சரிசெய்தான், அது இன்று மறுபடி பழுதானது.’ அல்லது ‘நான்’. எது அதிகம் பார்த்துப் பழகியதோ அது. தமிழுக்கு வரும்போது அந்த ‘அவன்’ வினைமுற்றின் விகுதி வரை ஏறிவிடுகிறான். மூலத்தில் இல்லாத ஒருவர்மேல் இப்போது பொறுப்பு விழுந்துவிட்டது. அந்த இயந்திரத்தைப் பார்த்தவர் ஒரு பெண்ணாகவே இருந்திருக்கலாம்.

வலப்பக்கத்தை மட்டும் படிப்பவருக்கு இந்த ஆங்கிலத்தில் ஒரு குறையும் தெரியாது. இலக்கணம் சரி, ஓட்டம் சரி. பழைய கணினி மொழிபெயர்ப்பு கோணல்மாணலாக இருந்ததால் பிழை தானே கையைத் தூக்கிக் காட்டியது. நரம்பு வலையமைப்பின் மொழி வழுவழுப்பானது. பிழையும் அதே வழுவழுப்போடு வருகிறது. சில சமயம் ஒரு சிறு தொடரையே விட்டுவிட்டு, விட்ட தடம் தெரியாமல் அடுத்ததைச் சேர்த்துவிடும். ஆகவே திருத்தம் என்பது ஆங்கிலத்துக்கு இஸ்திரி போடுவதில்லை. வரிக்கு வரி சீனத்தோடு ஒத்துப் பார்ப்பது. சீனம் தெரியாத ஒருவரிடம் ஆங்கில வரைவைக் கொடுத்து “கொஞ்சம் சரிபார்த்துக் கொடுங்கள்” என்பதைப் பின்திருத்தம் என்று நான் ஒப்ப மாட்டேன்.

எண்கள் தனிக் கவலை. சீனர்கள் பத்தாயிரத்தை ‘வான்’ என்ற ஓர் அலகாகவும், பத்துக் கோடியை ‘யி’ என்ற ஓர் அலகாகவும் எண்ணுகிறார்கள். 1.2 யி என்றால் 12 கோடி. ஆங்கிலத்தில் 120 மில்லியன். ஆயிரம், மில்லியன் என்று மூன்று மூன்று சுழியமாக ஏறும் மொழிக்கும், நான்கு நான்காக ஏறும் மொழிக்கும், இலட்சம் கோடி என்று இரண்டிரண்டாக ஏறும் நமக்கும் இடையே ஒரு சுழியம் தவறி விழ எத்தனையோ வாய்ப்பு. இன்னொன்று, தைவானுக்கே உரியது. சீனப் பெருநிலத்தில் ‘ஜிலியாங்’ என்றால் பொருளின் தரம். தைவானில் அதே சொல் இயற்பியலில் வரும் நிறை. தரத்துக்கு அங்கே ‘பின்ஜி’. ஜெயங்கொண்டத்துக்கு வரும் தைவான் தாளைப் பெருநிலத்து வழக்கத்தில் பழகிய கணினி படித்தால், கிராம் கணக்கு கேட்கும் கட்டத்துக்கு மேல் ‘தரம்’ என்று தலைப்பு விழலாம்.

திருத்தும் உழைப்பை எப்படி அளப்பது? 1966இல் அமெரிக்காவில் ஜான் பியர்ஸ் தலைமையில் வந்த ‘அல்பாக்’ அறிக்கை, கணினி வரைவைத் திருத்துவதற்கு நேரடியாக மொழிபெயர்ப்பதைவிடச் சற்றுக் கூடுதல் நேரமே பிடித்தது, செலவும் கூடியது என்று கண்டது. அதன்பின் அந்நாட்டில் இத்துறைக்கு வந்த அரசுப் பணம் பல ஆண்டுகள் வற்றியது. இன்று நிலைமை அப்படியில்லை. நல்ல வரைவு கிடைத்தால் நேரம் உண்மையாகவே மிச்சமாகிறது. ஆனால் எத்தனை சொல்லை மாற்றினார் என்று எண்ணி, அதை மொத்தச் சொற்களால் வகுத்து மதிப்பிடும் பழக்கம் ஒன்று நிலைத்துவிட்டது. ஜெர்மானிய ஆய்வாளர் ஹான்ஸ் கிரிங்ஸ் திருத்த உழைப்பை மூன்றாகப் பிரித்தார்: செலவாகும் நேரம், விசைப்பலகையில் விரல் செய்யும் வேலை, மூளை செய்யும் வேலை. மூன்றாவதை எந்த எண்ணும் பிடிப்பதில்லை. ‘அச்சு குளிரும் முன் திறக்காதீர்கள்’ என்ற வரியில் எதிர்மறை விழுந்துபோயிருந்தால் மாற்ற வேண்டியது ஒரே சொல்தான். அந்த ஒரு சொல் இல்லாவிட்டால் யாரோ ஒருவரின் கை வெந்துபோகும். 2017இல் பன்னாட்டுத் தர நிறுவனம் 18587 என்ற எண்ணில் பின்திருத்தத்துக்கென்றே தர விதி வெளியிட்டது. மூல மொழியையும் இலக்கு மொழியையும் அறிந்தவரே திருத்த வேண்டும் என்பது அதன் அடிப்படை.

இதுவரை சொன்னவை ஆங்கிலத்தில் தவறாகப் போனவை. ஆங்கிலத்தில் சரியாக இருந்தும் தமிழுக்குள் இழப்பாக வருபவை உண்டு. எனக்கு மிகவும் வருத்தம் தருவது அதுதான். சீனத்தில் அண்ணன் ‘கக’, தம்பி ‘தீதி’, அக்கா ‘ஜியேஜியே’, தங்கை ‘மெய்மெய்’. நம்மைப் போலவே நான்கு சொல். பெரியப்பா ‘போபோ’, சித்தப்பா ‘ஷூஷு’, தாய்மாமன் ‘ஜியூஜியு’. ஆங்கிலத்தில் எல்லோரும் ‘பிரதர்’, ‘சிஸ்டர்’, ‘அங்கிள்’. கணினி தவறேதும் செய்யவில்லை, ஆனால் ஆங்கிலத்தில் கால் வைத்த நொடியில் மூத்தவர் இளையவர் என்ற செய்தி அழிந்துவிடுகிறது. தமிழுக்கு வரும்போது அதை எங்கிருந்தும் மீட்க முடியாது. கணினி ‘சகோதரர்’ என்று சொல்லித் தப்பிக்கும், அல்லது ‘மாமா’ என்று குத்துமதிப்பாக வைக்கும். மரியாதையும் அப்படியே. ‘நீ’ என்றால் சீனத்திலும் ‘நீ’தான், ஒலியும் அதுவே, மரியாதைக்கு ‘நின்’ உண்டு. ஆங்கிலத்தின் ஒற்றைச் சொல்லில் இரண்டும் கரைகின்றன. மேலாளரிடம் எழுதப்பட்ட பணிவான கடிதம் தமிழில் ‘நீ’ என்று விளித்தால் படிப்பவர் முகம் சுளிப்பார். குற்றம் எழுதியவர்மேல் விழும். வட சீனப் பேச்சில், கேட்பவரையும் சேர்த்துச் சொல்லும் ‘ட்ஸன்மன்’ ஒன்றும், பொதுவான ‘வோமன்’ ஒன்றும் உண்டு. நமக்கு நாம், நாங்கள். ஆங்கிலத்துக்கு ஒன்றே. இரண்டு கரையிலும் இருக்கிற செல்வம் நடுவழியில் தொலைகிறது. சீனப் படங்களுக்குத் தமிழில் வசனவரி எழுதுவோர் கையிலும் பெரும்பாலும் ஆங்கில வசனம்தான் இருக்கிறது என்பதால் திரையிலும் இதே கதை.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. ஜெயங்கொண்டத்துக்குப் பக்கத்தில்தான் கங்கைகொண்ட சோழபுரம். அங்கிருந்து ஆண்ட இராசேந்திரனின் தூதர்கள் 1033இல் சீனத்துச் சோங் அரசவைக்குப் போனார்கள்; சோங் வரலாற்றில் அவன் பெயர் ‘ஷிலி லோசா யிந்தோலோ சூலோ’ என்று பதிவாகியிருக்கிறது. ஸ்ரீ ராஜ இந்திர சோழ. சீன எழுத்துகளின் ஒலியைக் கொண்டு தமிழ்நாட்டுப் பெயரைக் கட்டிய வேலை அது. அதற்கு முன் 1015இல் இராசராசன் அனுப்பிய தூதர்கள் சீன மன்னன்முன் முத்துகளைப் பரப்பி வணங்கியபோது, அவர்கள் சொன்னதை ஒரு மொழிபெயர்ப்பாளர் எடுத்துச் சொன்னதாகவும் அதே வரலாறு குறிக்கிறது. 1911இல் இலங்கையின் காலி நகரில் கிடைத்து, கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கும் கல் இன்னும் துலக்கமான சான்று. சீனத் தளபதி செங் ஹெயின் கடற்படை கொண்டுவந்த, 1409 எனத் தேதியிட்ட அந்தக் கல்லில் சீனம், தமிழ், பாரசீகம் மூன்றும் உண்டு. சீனப் பகுதி புத்தருக்குக் காணிக்கை சொல்கிறது, தமிழ்ப் பகுதி தேனவரை நாயனாருக்கு, பாரசீகப் பகுதி இசுலாத்துக்கு. யாருக்கு எது பொருந்துமென்று அறிந்து எழுதியவர்கள் இருந்திருக்கிறார்கள். நடுவில் ஆங்கிலம் இல்லாமல் சீனமும் தமிழும் பேசிக்கொண்ட காலம் ஒன்று இருந்தது.

அந்த நேர்வழியைக் கணினியும் இப்போது தேடத் தொடங்கியிருக்கிறது. 2020இல் ஃபேஸ்புக் ஆய்வகம் நூறு மொழிகளுக்கிடையே ஆங்கிலம் இல்லாமலே பெயர்க்கும் மாதிரி ஒன்றை வெளியிட்டது. அதில் இந்தி, வங்காளம் ஆகியவற்றோடு தமிழையும் இந்திய மொழிகளுக்கான பாலமாக வைத்துத் தரவு திரட்டினார்கள். ஆனால் வலையில் தேடிப் பொருத்திய வாக்கியங்களில் காலணிப் பசையும் அச்சுக்கட்டையும் எத்தனை இருக்கும்? அந்தப் பாடம் எறையூரிலும் ஜெயங்கொண்டத்திலும்தான் உருவாக முடியும். அதற்குப் பெரிய கருவி தேவையில்லை. ஒவ்வொரு முறை கையேட்டைத் திருத்தும்போதும் சீன வரி, கணினியின் ஆங்கிலம், திருத்திய ஆங்கிலம், தொழிலாளிக்குப் புரியும் தமிழ் என நான்கு கட்டங்களில் சேமித்து வைக்க வேண்டும். மொழிபெயர்ப்புத் தொழிலில் இதை ‘நினைவகம்’ என்பார்கள். அடுத்த முறை அதே வரி வந்தால் கணினி தானே எடுத்துக் கொடுக்கும். கூடவே ஷுவான், சியே-தி, மூ-ஜு என்று தொடங்கி ஒரு சொற்பட்டியல். தமிழ்க் கட்டத்தில் அகராதித் தமிழை நிரப்பாமல், ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் காலணி தைப்பவர்கள் வாயில் புழங்குவதைக் கேட்டு எழுத வேண்டும். அங்கே லாஸ்ட் என்றுதான் சொல்கிறார்கள் என்றால் லாஸ்ட் என்றே இருக்கட்டும். இன்றைய பெருமொழி மாதிரிகளிடம் இந்தப் பட்டியலையும் முழு ஆவணத்தையும் சேர்த்துக் கொடுத்தால், தனியே நின்ற அட்டவணைச் சொல்லுக்கும் அக்கம்பக்கம் கிடைத்துவிடுகிறது.

ஆள்? பெரம்பலூரிலும் அரியலூரிலும் பொறியியல், கலைக் கல்லூரிகளில் படித்துவிட்டுச் சென்னைக்கோ திருப்பூருக்கோ பேருந்து ஏறும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களில் சிலருக்குச் சீன எழுத்தும், தைவான் வழக்கும், ஆலைக்குள் ஆறு மாதமும் கொடுத்தால் சீனத் தாளை நேரே பார்த்துத் தமிழில் எழுதும் கை உருவாகும். தொழிலை வரவேற்ற அரசும், வந்த நிறுவனங்களும் தையல் பயிற்சிக்கு ஒதுக்கும் அக்கறையில் ஒரு பங்கை இதற்கும் ஒதுக்க வேண்டும். முதலில் திருத்த வேண்டியது விளம்பரத் தாளோ வலைப்பக்கமோ அல்ல. வார்ப்பு இயந்திரத்தின்மேல் ஒட்டியிருக்கும் எச்சரிக்கை வரிகள், பசை டின்னின் பாதுகாப்புத் தாள், அவசர நிறுத்தப் பொத்தானின் பெயர்: இவற்றைச் சீன மூலத்தோடு ஒத்துப் பார்த்து, தமிழில் எழுதி, அந்த இயந்திரத்தை ஓட்டுகிற பெண்களிடம் வாசித்துக் காட்டி, அவர்கள் புரிந்துகொண்டது இதுதானா என்று கேட்டபின் ஒட்ட வேண்டும்.